ஜூலை மாத மாடிப்படி

திருச்சி மேலப்புலிவார்டு சாலையில் எங்கள் ஆபீஸ் முதல் மாடியில் இருந்தது. கீழே பாத்திரக்கடை. பக்கவாட்டில் செங்குத்தாக இருபத்திரண்டு படி. ஜூலை மாதத்தில் யார் ஏறி வருகிறார்கள் என்பதை மேஜையில் குனிந்தபடியே என்னால் சொல்லிவிட முடியும். காந்தி மார்க்கெட் மண்டிக்காரர் இரண்டிரண்டு படியாகத் தாவி வருவார், ஐந்து நிமிஷத்துக்கு மேல் உட்கார மாட்டார். திருவெறும்பூர் பக்கம் ஷிஃப்ட் முடித்து வருகிறவர்கள் நாலைந்து பேராகப் பேசிக்கொண்டே ஏறுவார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார்கள் பாதியில் நின்று மூச்சு வாங்குவார்கள். இன்னொரு வகைக் காலடியும் உண்டு. மேல்படி வரை வந்து, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தயங்கி, ஒரு படி கீழே இறங்கி நிற்கும். அப்படி நிற்பவர்களில் பெரும்பாலோர் ஒரு ரூபாய்கூட வரி கட்ட வேண்டியிராதவர்கள்.

வருமானம் அதிகம் உள்ளவர்களுக்கு இந்தப் பயம் இருந்து நான் பார்த்ததில்லை. அவர்கள் கணக்குக் கொடுக்கக் கடைசி நாளான ஜூலை 31ஆம் தேதி ராத்திரி ஒன்பது மணிக்கு போன் செய்து, "அம்மா, நம்மது முடிஞ்சிருச்சில்ல?" என்பார்கள். பேப்பரே வந்திருக்காது. பேங்க்கில் கொஞ்சம் பணம் போட்டு வைத்த பென்ஷன்காரர்களோ ஜூன் முதல் வாரமே வந்துவிடுவார்கள். வரி பிடித்ததற்கான பாரம் 16 சான்றிதழைக் கொடுக்க நிறுவனங்களுக்கு ஜூன் 15 வரை அவகாசம் இருக்கிறது, அதற்குப் பிறகு வந்தால் போதும் என்று சொன்னால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி அதே காலடி கேட்கும்.

நான் சி.ஏ. படித்தவள் இல்லை. பி.காம். முடித்து, 1994ல் ஓர் ஆடிட்டரிடம் உதவியாளராகச் சேர்ந்து, 2003ல் வருமான வரி பிராக்டிஷனராகத் தனியே ஆபீஸ் போட்டேன். இதை எத்தனை முறை விளக்கினாலும் வருகிறவர்களுக்கு நான் ஆடிட்டரம்மாதான். உதவிக்கு இரண்டு பெண்கள், ஒரு பையன். ஜூலையில் மட்டும் என் தங்கை மகளும் வந்து உட்காருவாள்.

ஆரம்ப வருஷங்களில் எல்லாம் காகிதம். சம்பளக்காரர்களுக்குச் 'சரள்' என்று ஒரே தாளில் ஒரு பாரம் இருந்தது. அதை நிரப்பி, பாரம் 16, எல்.ஐ.சி. ரசீது, வரி கட்டிய சலான் எல்லாவற்றையும் பின்னால் குத்தி, கட்டுக் கட்டாக வில்லியம்ஸ் ரோட்டு வருமான வரி அலுவலகத்துக்குக் கொண்டுபோவோம். ஜூலைக் கடைசியில் வரிசை வெளியே மரத்தடி வரைக்கும் நிற்கும். ஒப்புகைச் சீட்டில் வட்ட முத்திரை விழுகிற சத்தம் கேட்டால்தான் அந்தக் கட்டு மனதை விட்டு இறங்கும். 2007ல் புதிய பாரங்கள் வந்தபோது, இனி எதையும் இணைக்க வேண்டாம் என்றார்கள். அது கட்சிக்காரர்களுக்குச் சந்தோஷமாக இல்லை. "ரசீதை நீங்க காட்டலைன்னா அவங்க எப்படி நம்புவாங்க?" என்று ஒருவர் ஒரு மணி நேரம் விவாதித்தார். கடைசியில் அவருடைய ரசீதுகளை நகல் எடுத்து, ஒரு கோப்பில் போட்டு, அவர் பெயரை எழுதி என் அலமாரியில் வைத்தேன். அதன் பிறகுதான் எழுந்து போனார்.

மஞ்சள் பைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எது தேவைப்படும் என்று தெரியாததால் மக்கள் எல்லாவற்றையும் கொண்டுவருவார்கள். ரேஷன் கார்டு, கரண்ட் பில், பெண்ணின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், வீட்டுப் பத்திரத்தின் நகல், தாலிக்கொடி அடகு வைத்த சீட்டு. அந்தப் பையிலிருந்து எனக்கு வேண்டிய நான்கு தாளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை அவர்கள் கண் முன்னாலேயே திரும்ப உள்ளே வைப்பேன். உதவிக்கு வரும் பெண்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது இதைத்தான். பையை மேஜையில் கொட்டக் கூடாது. அடகுச் சீட்டு மேலே வந்து கிடந்தால் அந்த மனுஷர் பக்கத்து நாற்காலிக்காரர் முன்னால் குறுகிப் போவார்.

அப்புறம் ஆண்டுக் குழப்பம். சம்பாதித்தது நிதியாண்டு, கணக்குக் கொடுப்பது மதிப்பீட்டு ஆண்டு. ஒரே தாளில் இரண்டு ஆண்டும் இருக்கும். வருஷத்துக்குப் பத்துப் பேராவது போன வருஷத்துப் பாரம் 16ஐக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். பதிவு செய்யும் நேரத்தில்தான் தெரியும். அதற்குள் அவர் குலதெய்வக் கோயிலுக்கு ஆடி வெள்ளி பார்க்கப் போயிருப்பார். ஜூலை 31 எப்போதும் ஆடி மாதத்தின் நடுவில் விழுகிறது. கூழ் ஊற்றுவதும், மாரியம்மன் திருவிழாவும், ஆடித் தள்ளுபடியும், எங்கள் வேலையும் ஒரே நேரத்தில் வரும். என் வீட்டில் ஆடி வெள்ளிக்கு மாவிளக்கு போட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. என் மாமியார் அதைச் சொல்லிக் குறைப்பட்டதில்லை, தனியாகவே போட்டுவிடுவார்.

2012ஐ மறக்க முடியாது. மின்வெட்டு எப்போது வரும், எப்போது போகும் என்பதை வைத்துத்தான் ஆபீஸ் நடந்தது. இன்வெர்ட்டர் இரண்டு கம்ப்யூட்டரைத் தாங்கும், மின்விசிறியைத் தாங்காது. கரண்ட் இருக்கும்போது பதிவு, இல்லாதபோது கையால் கணக்கு. வியர்வை பட்டு மை கலையாமல் இருக்க மணிக்கட்டுக்குக் கீழே கைக்குட்டை மடித்து வைத்துக்கொண்டு எழுதுவோம்.

பெயர்களுக்கு வருகிறேன். இது நம் ஊருக்கே உரிய தொல்லை, இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்கு ஆறாது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொள்கிறோம். பான் கார்டு விண்ணப்பமோ கடைசிப் பெயர் என்ன என்று கேட்கும், இனிஷியலை ஏற்காது. அதனால் அப்பா பெயரை விரித்துக் கடைசிப் பெயராகப் போடுவார்கள். ஆதாரில் இனிஷியலோடு இருக்கும். பேங்க்கில் வேறொரு மாதிரி. ஒரே மனிதர் மூன்று காகிதத்தில் மூன்று ஆளாக நிற்பார். பெண்கள் என்றால் இன்னும் ஒரு சுற்று உண்டு. பள்ளிக்கூடச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல், கல்யாணத்துக்குப் பிறகு கணவரின் இனிஷியல். 2023 ஜூன் 30க்குள் பானையும் ஆதாரையும் 1,000 ரூபாய் கட்டி இணைக்காவிட்டால் பான் செயலிழந்துவிடும் என்றிருந்த நேரத்தில், என் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் பெண்கள். தன் பெயரைத் தான் தவறாக எழுதிவிட்டதாக ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். "நான்தாம்மா அப்பவே சரியாப் பார்க்காம விட்டுட்டேன்" என்பார்கள். அவர்கள் ஒன்றும் தவறாக எழுதவில்லை. அந்தப் பாரத்தில் நம் பெயருக்கு ஒரு கட்டம் இல்லை, அவ்வளவுதான். இதை நான் ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுச் சொல்வேன்.

2021 நவம்பரில் ஏ.ஐ.எஸ். என்கிற வருடாந்தரத் தகவல் அறிக்கை வந்தது. எந்த பேங்க்கில் எவ்வளவு வட்டி, எந்தப் பங்கு வாங்கியது, விற்றது எல்லாம் பான் எண்ணின் கீழ் வரிசையாக வந்து நிற்கும். எங்கள் வேலை அதனால் எளிதானது உண்மை. ஆனால் புதிதாக ஒரு கவனமும் வேண்டியிருந்தது. ஒருநாள் ஒரு கணவரும் மனைவியும் சேர்ந்து வந்தார்கள், இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். அந்த அம்மாவின் அறிக்கையைத் திறந்தேன். அவர் சொன்ன பட்டியலில் இல்லாத ஒரு டெபாசிட் வட்டி அதில் இருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகம் வெளிறிவிட்டது. கணவர் அந்தப் பக்கம் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரையை மூடி, "அம்மா கையெழுத்து ஒண்ணு வேணும், நாளைக்கு மத்தியானம் தனியா ஒரு நடை வந்துட்டுப் போங்க" என்றேன். மறுநாள் அவர் வந்து சொன்ன காரணத்தை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. வட்டியை முறையாகக் காட்டி வரியையும் கட்டினோம். அன்றிலிருந்து ஆபீஸில் ஒரு வழக்கம் வைத்தேன். யாருடைய அறிக்கையானாலும் முதலில் நாங்கள் மட்டும் படித்துவிட வேண்டும். மானிட்டரை அந்த ஆள் ஒருவருக்கு மட்டுமே திருப்ப வேண்டும், கூட வந்தது கணவரோ மகனோ யாராக இருந்தாலும் சரி.

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், தேர்வுநிலை ஊதியத்துக்காக வருஷக்கணக்கில் வழக்கு நடத்தி, 2015–16ல் நாலு லட்சத்துச் சொச்சம் நிலுவை வாங்கினார். பல வருஷத்துச் சம்பளம் ஒரே வருஷத்தில் வந்து விழுந்தால் வரி கூடிவிடும். அதைச் சரிசெய்ய 89ஆம் பிரிவில் நிவாரணம் உண்டு. ஒவ்வொரு வருஷத்துக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து நிவாரணத்தைக் கண்டுபிடித்தேன், 38,000 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. சரியான கணக்கு. ஆனால் அந்த நிவாரணத்தைக் கேட்பதற்கு முன்னால் 10இ என்ற பாரத்தை இணையத்தில் தனியாகத் தாக்கல் செய்திருக்க வேண்டும். ஜூலைக் கடைசி நெரிசலில் அதை விட்டுவிட்டேன். மறு வருஷம் ஜனவரியில் அவருக்குத் தாள் வந்தது. நிவாரணம் மறுக்கப்பட்டிருந்தது, அந்தத் தொகையை வட்டியோடு கட்டச் சொல்லியிருந்தது.

அவர் படியேறி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, தாளை என் பக்கம் நகர்த்தினார். படித்ததும் எனக்குக் காது அடைத்தது. "என் தப்பும்மா. பணம் போனா நான் கட்டிடுறேன்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முப்பத்தோரு வருஷம் கணக்கு நடத்துனேன். விடை சரியா இருந்தாலும் நடுவுல ஸ்டெப் விட்டா மார்க்கு குறைப்பேன். இப்போ எனக்குக் குறைச்சிருக்காங்க. அந்த ஸ்டெப்பை இப்போ எழுத முடியுமான்னு பாருங்க" என்றார். எழுத முடிந்தது. 10இ தாக்கல் செய்து, 154ஆம் பிரிவில் திருத்த மனுப் போட்டு, நாலு மாதம் கழித்துச் சரியானது. அந்த நாலு மாதமும் அவர் ஒரு தடவைகூட போன் செய்து கேட்கவில்லை. நான்தான் வாராவாரம் அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். என் மேஜைக்கு எதிர்ச் சுவரில் பெரிய எழுத்தில் 'முதலில் 10இ' என்று எழுதி ஒட்டினேன். ஆபீஸை மாற்றியபோது அந்தத் தாளையும் பிரித்தெடுத்துக்கொண்டுதான் போனேன்.

தொழிலில் என்னை அதிகம் வருத்தியது வேறொன்று. ஒரு வருஷம் ஒரே தொழிற்கூடத்தைச் சேர்ந்த பதினோரு பேர் என்னை விட்டுப் போனார்கள். யாரோ ஒருவர், பிடித்த வரி முழுவதையும் திரும்ப வாங்கித் தருவதாகவும், அதில் ஒரு பங்கு கொடுத்தால் போதும் என்றும் சொல்லியிருக்கிறார். கொடுக்காத நன்கொடை, இல்லாத ஊனம், எடுக்காத கடன் என்று கழிவுகளைப் போட்டால் ரீஃபண்ட் வரத்தான் செய்யும், ஒரு காலத்துக்கு. "நீங்க ஏம்மா எங்களுக்கு வாங்கித் தர மாட்டேங்குறீங்க?" என்று அவர்களில் ஒரு தம்பி கேட்டான். கல்யாணமான புதிது, வீட்டில் செலவு இருந்தது. உனக்கு வர வேண்டிய பணம் என்றால் ஒரு ரூபாய்க்குக்கூட நான் சண்டை போடுவேன், இது உன் பணம் இல்லை என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். இரண்டு வருஷம் கழித்து நோட்டீஸோடு அதே படியில் ஏறி வந்தான், பின்னாலேயே மற்றவர்களும். 2022ல் கொண்டுவந்த புதுப்பித்த கணக்கு முறையில், தானாக முன்வந்து உண்மையைச் சொன்னால் வரி, வட்டியோடு முதல் வருஷத்துக்குள் 25 சதவீதம், இரண்டாம் வருஷம் என்றால் 50 சதவீதம் அப்போது கூடுதலாகக் கட்ட வேண்டியிருந்தது. நோட்டீஸ் வராத வருஷங்களுக்கு அப்படிக் கட்டினோம், நோட்டீஸ் வந்ததற்குப் பதில் எழுதினோம். அந்தத் தம்பி மனைவியின் வளையலை வைத்துக் கட்டினான். அவனைத் தடுக்க முதல் தடவையே இன்னும் பத்து நிமிஷம் பேசியிருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது. ஜூலையில் ஓர் ஆளுக்குப் பத்து நிமிஷம் கூடுதலாகக் கொடுக்க முடியாமல் போனதுதான் நிஜம்.

2022 ஜூலை 31 ஞாயிற்றுக்கிழமை. தேதி நீட்டிப்பு இல்லை என்பது உறுதியாகிவிட்டிருந்தது. அந்த ஒரே நாளில் நாடு முழுக்க 72 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கணக்குத் தாக்கல் செய்தார்கள் என்று பிறகு அறிவித்தார்கள். எங்கள் மாடியிலிருந்து போனது நாற்பத்தாறு. ஓ.டி.பி. எண் பதினைந்து நிமிஷத்துக்குத்தான் செல்லும். எண் வந்த செல்போனோ சிங்கப்பூரில் உள்ள மகனிடம் இருக்கும், அங்கே நேரம் இரண்டரை மணி முன்னே ஓடும். "தம்பி, தூக்கத்தைக் கெடுத்துட்டேன், ஆறு எண் வந்திருக்கும் பாருப்பா" என்று ராத்திரியில் எத்தனை பிள்ளைகளை எழுப்பியிருக்கிறோம். பதினொன்றே முக்காலுக்குக் கடைசி ஒப்புகை வந்தது. பெண்களை அவரவர் வீட்டில் விட்டுவிட்டு நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு மணி. மூன்றாம் நாள் ஆடிப்பெருக்கு. காவிரி இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. மாமியாரோடு அம்மா மண்டபம் போய் நின்றபோது, மூன்று வாரத்தில் முதல் தடவையாகத் திரையைத் தவிர வேறெதையோ பார்க்கிறேன் என்று கண்ணுக்குத் தெரிந்தது.

அந்த வருஷம் ஜூலை முதல் வாரம் வந்தவர் ஒருவரைப் பற்றித்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பொன்மலைப் பக்கம். கணவர் ரயில்வே பணிமனையில் இருந்து ஓய்வு பெற்றவர், முந்தைய வருஷம் மே மாதம் இறந்துவிட்டார். அந்த அம்மாவுக்கு அறுபத்து மூன்று வயது. நான் சொன்ன அந்தக் காலடிதான், மேலே வந்து ஒரு படி இறங்கி நின்றது. நானே எழுந்துபோய் அழைத்து வந்தேன். கணவர் பெயரில் இருந்த பத்து லட்ச ரூபாய் டெபாசிட் அவர் பெயருக்கு மாறியிருந்தது. வருஷ வட்டியிலிருந்து பேங்க் 6,080 ரூபாய் வரி பிடித்திருந்தது. "மிச்சத்தையும் எடுத்துக்குவாங்களாம்மா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

குடும்ப ஓய்வூதியத்தில் 15,000 ரூபாய் கழிவு போக, வட்டியையும் கூட்டினாலும் அவருடைய வயதுக்கு உரிய மூன்று லட்ச வரம்புக்குக் கீழேதான் இருந்தார். வரியே கிடையாது. பிடித்ததைத் திரும்ப வாங்குவதற்காக மட்டும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். சொன்னேன். அவர் நம்பவில்லை. நம்பாதது என்னை அல்ல, அவ்வளவு எளிதாக ஒன்று முடியும் என்பதை.

எளிதாக முடியவும் இல்லை. பான் கார்டில் அப்பா பெயர், பேங்க்கில் கணவர் இனிஷியல். அதைச் சரிசெய்ய பேங்க்குக்கு மூன்று நடை. அப்புறம் ஆதார் ஓ.டி.பி. அனுப்பினால் வரவே இல்லை. எந்த நம்பர் கொடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "அவர் நம்பர்தான். எனக்குன்னு தனியா போன் வச்சிக்கலையே." கணவர் போன பிறகு அந்த எண்ணுக்கு யாரும் ரீசார்ஜ் செய்யவில்லை, எண் வேறு யாருக்கோ போய்விட்டது. அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: "ஒரு நாள் சும்மா போட்டுப் பார்த்தேன். ஒரு பையன் எடுத்தான்."

என் உதவிக்கு இருந்த பெண் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள்.

ஆதாரில் எண்ணை மாற்றத் தபால் நிலையத்தில் கூட்டமாக இருந்தது, அவரால் நிற்க முடியவில்லை. பழைய வழி இன்னும் திறந்துதான் இருந்தது. ஐ.டி.ஆர்.-வி என்கிற ஒரு பக்க ஒப்புகையை அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, பெங்களூரு மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். கூரியரில் அனுப்பினால் அப்போது ஏற்க மாட்டார்கள், சாதாரணத் தபால் அல்லது ஸ்பீடு போஸ்ட்தான். 2009க்குப் பிறகு சில வருஷங்கள் நாங்கள் ஆயிரக்கணக்கில் அப்படி அனுப்பியிருக்கிறோம், பார்கோடு மடிந்துவிடாமல், நீல மையில். அந்த அம்மாவிடம் நீல பேனாவைக் கொடுத்தேன். கையெழுத்தை முதலில் ஒரு வெற்றுத் தாளில் இரண்டு முறை போட்டுப் பார்த்தார். எந்த இனிஷியல் என்று என்னைக் கேட்டார். பான் கார்டில் உள்ளபடி, அப்பாவுடையது என்றேன். நாற்பது வருஷத்துக்கு அப்புறம் போடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

செப்டம்பரில் பணம் வந்தது, கொஞ்சம் வட்டியும் சேர்ந்து. பாஸ்புக்கோடு வந்தார், இந்தத் தடவை படியில் நிற்கவில்லை. பதிவான வரியில் விரலை வைத்து, "இதை எடுத்துச் செலவு பண்ணலாமாம்மா? அப்புறம் திரும்பக் கேக்க மாட்டாங்களே?" என்றார். உங்கள் பணம் என்றேன். இனிமேல் பிடிக்காமல் இருக்க, வருஷா வருஷம் ஏப்ரலில் பேங்க்கில் 15எச் என்று ஒரு பாரம் கொடுக்க வேண்டும் என்று ஒரு வெள்ளைத் தாளில் பெரிதாகத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அதை இரண்டாக மடித்துப் பாஸ்புக்குக்குள் வைத்தவர், மறுபடி வெளியே எடுத்துப் படித்தார்.

"அவர் இருந்தப்போ இதைக் கொடுத்துக்கிட்டு இருந்தாரா?"

"கொடுத்திருப்பாரும்மா. அதனாலதான் அப்ப பிடிக்கலை. கடைசி வருஷம்கூட ஏப்ரல்ல போய்க் கொடுத்துட்டு வந்திருக்கணும்."

"ஒரு நாளும் என்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார்.